எதிர்த்த கை ஒன்று

உன் தம்பி பிறம்ரனிலிருந்து கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போன பெட்டியை நேற்றுத்தான் திறந்தேன். கராம்பு மணந்தது. வாசிக்கும்போதெல்லாம் ஒரு கராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொள்வாய். இத்தனை வருடமும் அந்த மணம் போட்டோப் பிரதிகளுக்குள் கிடந்திருக்கிறது. "அக்காவின்ர ஜேர்மன் பேப்பருகள். எனக்கு விளங்காது, எறியவும் மனம் வரேல்லை," என்றான். எனக்கும் ஜேர்மன் தெரியாது என்று அவனிடம் நான் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ வாசித்துச் சொன்னவைதான். ஸ்காபரோவில் நாம் சேர்ந்து வாடகைக்கிருந்த பதினோராம் மாடி வீட்டில், என் புள்ளிவிபரப் புத்தகங்களை ஓரம் தள்ளிவிட்டு மேசை முழுவதும் இவற்றைப் பரப்பியிருப்பாய். நாஜிகளின் கீழ் ஒரு ஜேர்மன் நகரத்தின் நிர்வாகம் எப்படி மாறியது என்பது உன் ஆய்வு. நான் கொடிகளையும் ஊர்வலங்களையும் எதிர்பார்த்தேன். நீ காட்டியவை மாநகரசபையின் கூட்டக் குறிப்புகள்.

அவர்கள் ஆட்சிக்கு வந்த முதல் வசந்தத்தில் கம்யூனிஸ்ட் உறுப்பினர்களின் பெயர்கள் வரவுப் பட்டியலில் இல்லை. ஏன் இல்லை என்றும் எழுதப்படவில்லை. சில வாரங்களில் மேயர் விடுப்பில் போனார், திரும்பி வரவில்லை. கோடையில் சமூக ஜனநாயகக் கட்சியினரும் இல்லை. நகரசபையில் வேலை செய்த யூத மருத்துவர் 'ஓய்வுபெற்றார்'. இரண்டு ஆண்டுகளில் வாக்கெடுப்பே ஒழிந்தது. நாஜிக் கட்சி பொறுக்கியெடுத்தவர்கள் சுற்றியிருந்து ஆலோசனை சொல்ல, புதிய மேயர் தனியே முடிவெடுத்தார். ஆனால் குறிப்பெழுதிய எழுதுவினைஞர் மாறவில்லை. அதே சாய்ந்த கையெழுத்தில் ட்ராம் கட்டணம், வடிகால், பாடசாலைக் கூரை.

"எடி, உவன் ஒரு பொய்யும் எழுதேல்லை," என்றாய். "குறைச்சு எழுதினவன். அவ்வளவுதான்."

அப்படியென்றால் அவனில் என்ன குற்றம் என்று நான் வாதாடினேன். நீ சிரித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாய்.

பல வருடங்களின் பின் நம் ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்கு நான் செயலாளராக இருந்தபோது அந்தத் தீர்மானம் வந்தது. இனித் தேர்தல் வேண்டாம், ஐந்து ஆலோசகர்கள் சேர்ந்து நிர்வாகத்தை நியமிப்பார்கள். தேர்தல் என்றால் சண்டை, கோபதாபம் என்றார் தலைவர். மண்டபம் நிறையக் கைகள் உயர்ந்தன. எதிர்ப்பவர்கள் உண்டா என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டபோது நீ ஒருத்திதான் உயர்த்தினாய்.

அடுத்த நாள் தலைவர் என்னை அழைத்தார். ஊருக்கும் பாடசாலைக்கும் போகிற அறிக்கை அது, ஒரு கைக்காக அதை அசிங்கப்படுத்த வேண்டுமா என்றார். 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று எழுதினேன். நம் சங்கங்களில் எல்லாம் அப்படித்தானே எழுதுகிறார்கள்.

நீ கோபப்படவில்லை. தொலைபேசியில் ஒன்றே ஒன்று கேட்டாய்.

"நானும் அண்டைக்கு அங்க இருந்தனான் தானே?"

ஒரு பழைய மாணவர் சங்கத்தை அந்த நகரத்தோடு ஒப்பிடுவது அபத்தம். அங்கே பெயர் விடுபட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். உன் கை விடுபட்டதால் உனக்கு ஒன்றும் நடக்கவில்லை. நீயும் ஒருபோதும் ஒப்பிட்டதில்லை. யூனியன்விலில் என் வீட்டுக்கு வருவதையும் நிறுத்தவில்லை. அந்த நகரத்தைப் பற்றி என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாய். ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று வாரமும் உன் பக்கத்தில் இருந்தேன். மன்னிப்புக் கேட்க நேரம் தாராளமாக இருந்தது. மருந்தைப் பற்றியும் வெளியே கொட்டும் பனியைப் பற்றியும் பேசினோம்.

போன ஞாயிறு சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் உனக்கு அஞ்சலி. எல்லாரும் எழுந்து நின்றார்கள். இன்னும் அதே தலைவர்தான். 'சங்கத்தின் எல்லாத் தீர்மானங்களிலும் எங்களோடு நின்றவர்' என்று உன்னைப் பற்றி வாசித்தார்.

அது பிழை என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அன்றைய அறிக்கையைத் தவறாக எழுதியது நான், அதைத் திருத்தவேண்டும் என்றேன்.

"பிள்ளை, செத்தவவை ஏன் இப்ப சண்டைக்காரி ஆக்கிறீர்?" என்றார் தலைவர். பழைய அறிக்கை அப்படியே இருக்கட்டும் என்பவர்கள் கை உயர்த்துங்கள் என்று கேட்டார். உயர்த்தினார்கள். உன்னோடு படித்தவர்களும்தான். எதிர்ப்பவர்கள் உண்டா என்று அவர் கேளாமலே நான் கை உயர்த்தினேன்.

புதிய செயலாளர் இங்கே பிறந்தவள், வழக்கறிஞர். என் பக்கம் குனிந்து, "அன்ரி, ஏகமனதாக எண்டோ போடுறது?" என்றாள்.

"இல்லை. எதிர் ஒண்டு."

அவள் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். பிறகு யாரும் என்னோடு பேசவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஒரு கை தனியே உயர்ந்து நிற்கும்போது அந்த மண்டபம் எவ்வளவு பெரிது என்று உனக்குத் தெரிந்திருந்தது. எனக்கு ஞாயிறன்றுதான் தெரிந்தது. நீ உயர்த்திய அன்று நான் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன், அதனால்தான் உன்னோடு கை உயர்த்த முடியவில்லை என்று இத்தனை வருடமும் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். பேனை வலக்கையில் இருந்தது. இடக்கை மடியில் சும்மாதான் கிடந்தது.