சும்மா இருக்கத் தெரியாத உன் அப்பா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீ போனில் கேட்டபோது லேசான காய்ச்சல் என்றுதான் சொன்னேன், அவர் பக்கத்தில் படுத்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி முடிக்கிற அந்தப் போட்டிக்கு நீயும் அவரும் சேர்ந்து பெயர் கொடுத்த நாளிலிருந்து ஆளே மாறிவிட்டார். தொழிற்சாலையை மூடி அவருடைய கடைசல் மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போனபின் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷன், மறுபடி விடியுமுன் எழுந்தார், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் முழு ஓய்வு என்று நீ கண்டிப்பாகச் சொல்லியிருந்தாய். ஓய்வில்தான் இருக்கிறேன் என்று உன்னிடம் போனில் சொல்லிவிட்டு, போனை வைத்த கையால் ஷூவை மாட்டுவார். காலையில் நீச்சல் குளம், உச்சி வெயிலில் சைக்கிள், சாயங்காலம் ஓட்டம். தூக்கம் போயிற்று, சட்டை தொளதொளத்தது, படி இறங்கக் கைப்பிடி தேவைப்பட்டது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று சொல்லிப் பார்த்தேன், சுவரைத்தான் பலப்படுத்துகிறேன் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் நானும் ஏமாந்துபோனேன்.

போன மாதம் காய்ச்சலோடு கிளம்பினார். கூடப் போன நெட்டை, அதுதான் ஓய்வுபெற்ற தபால்காரர், எவ்வளவோ தடுத்திருக்கிறார். சைக்கிளை விட்டு இறங்கி ஓடத் தொடங்கியவர் நாலு எட்டு வைப்பதற்குள் துணி மாதிரி மடிந்து விழுந்தாராம். அன்று சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போயிற்று. ஓயாமல் வருத்தியதில் தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். பழையபடி ஆகிவிடுமா என்று கேட்டேன், பாதி வேலை செய்தாலே பெரிய விஷயம் என்றார். இனி போட்டி என்ற பேச்சே கூடாதாம். உடம்பு ஓடும்போது தேய்கிறது, படுத்திருக்கும்போதுதான் தேறுகிறது, இத்தனை வயதில் இது தெரியாதா என்று டாக்டர் கடிந்தபோது, உன் அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபின் நானும் பேசாமல் ஓய்வெடுங்கள் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. "மேனேஜரும் இதத்தான் சொன்னாரு. இவ்வளவு வருஷம் உழைச்சீங்க, இனிமே ஓய்வெடுங்கன்னாரு. இப்ப நீயும் சொல்ற" என்றார். அவர் எதை விட்டு ஓடினார் என்பது அப்போதுதான் உறைத்தது, அம்மாடி.

நேற்றுக் காலை கட்டில் காலியாக இருந்தது. வாசல் பக்கம் நாற்காலியில், ஷூவுக்குள் வீங்கிய காலைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குனிய முடியவில்லை, கயிற்றைக் கட்டிவிடு என்றார். சண்டை போடத்தான் போனேன், முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்து கட்டிவிட்டேன். எழுந்தார், கதவு வரைக்கும் போனார், நிலையைப் பிடித்தபடி தெருவைப் பார்த்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். மத்தியானம் வரைக்கும் ஷூவைக் கழற்றவே விடவில்லை.

நீ அவரைத் திட்டாதே, உன்னையும் திட்டிக்கொள்ளாதே. நீ ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி பார்த்துவிட்டு அப்படியே குளத்துக்குப் போவதாகச் சொன்னாயே, அதை இன்றோடு விடு. ரத்தம் அவருடையது, பிடிவாதமும் அவருடையதுதான். தூங்கி எழுந்து போனால் தண்ணீர் எங்கேயும் ஓடிவிடாது.

நோய் நொடியில்லாமல் நீ நீண்ட நாள் நடமாட வேண்டும் என்பதே என் ஆசி. மறக்காமல் அப்பாவுக்குத் தினமும் போன் செய், ஓய்வெடுத்தீர்களா என்று மட்டும் கேட்காதே. வேறு என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை, நீயாவது யோசித்து வை.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா