ஸ்டாம்பு சைஸ் முகம்

மெஷினிலிருந்து சூடாக இறங்கும் ஃப்ளெக்ஸ் பேனரின் மை வாசனை உனக்கு அப்படிப் பிடிக்கும். எனக்குக் குமட்டும். நீ செத்துப் போனதிலிருந்து அந்த நாற்றத்தில்தான் சோறு தின்கிறேன் மச்சான், அம்பத்தூரில் ஒரு பேனர் கடையில் டிசைனராக. போன வாரம் அதே மெஷினிலிருந்து உன் முகம் உருண்டு வந்தது. முதலில் நெற்றி வந்தது. கண் வருவதற்குள் நான் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

ஆர்டர் கொடுத்தது யார் தெரியுமா? உன் கட்சி 'அண்ணன்'தான். மறுபடியும் கவுன்சிலருக்கு நிற்கிறான்.

டிப்ளமோ முடித்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனியில் ஒன்றாக டிரெய்னியாகச் சேர்ந்தோமே, அந்தக் கூத்து நினைவிருக்கிறதா? பர்மனென்ட் கேட்டுவிடக் கூடாதென்று வருடம் முடியும் முன்பே வீட்டுக்கு அனுப்புவார்கள். கொஞ்ச நாள் கழித்துப் புது ஆள் மாதிரி மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். நான் கனடா கனடா என்று புலம்பிக்கொண்டிருந்தேன். ஓட்டுப் போடும் நாளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். நீயோ கட்சிக்கொடி கட்டப் போனாய். "எல்லாம் திருட்டுப் பசங்கடா" என்றால் சிரிப்பாய்.

"எல்லாரும் பிளேன் ஏறிட்டா நம்ம மேனாம்பேட்டுக்கு எவன்டா தண்ணி லாரி இட்டுகினு வருவான்? ஒருத்தனாவது உள்ள இருக்கணும் மச்சான்."

அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் கம்பெனியில் பர்மனென்ட் ஆகிவிடுவோம் என்று நம்பினாய். அவனும் உன் தோளில் கை போட்டு "அடுத்த மாசம் பாத்துக்கலாம்டா தம்பி" என்பான். எந்த வருடத்து அடுத்த மாதம் என்று நீ கேட்டதே இல்லை.

அவன் பிறந்தநாள் பேனரில் அவன் மட்டும் ஆளுயரத்துக்கு நின்றான். கீழ் வரிசையில், ஸ்டாம்பு சைஸில், கூட்டத்தோடு கூட்டமாக உன் முகம். அதைக் காட்டவென்றே என்னை பைக்கில் ஏற்றிப் போனாய். "இதுக்கா இந்த அலட்டல்?" என்றேன்.

"இன்னிக்கி ஸ்டாம்பு சைஸ்ல கீறேன். ஒரு நாள் பாரு, முழு பேனர்ல நிப்பேன்."

அடுத்த கூட்டத்துக்கு நீ நட்ட இரும்புக் கொடிக்கம்பம் மின்கம்பியில் உரசியது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது அவன் போலீஸ்காரரிடம் பேசிக்கொண்டிருந்தான். "இந்தப் பையன் யாருன்னே எனக்குத் தெரியாது சார். ஆர்வக் கோளாறுல தானா வந்து நட்டுகீறான்." சுவரோரம் உட்கார்ந்திருந்த உன் அம்மா அதைக் கேட்டார். அழுகை அப்படியே நின்றுவிட்டது. பாவி, பாடை கட்டும் முன்பே உன்னை அநாதையாக்கினான்.

இப்போது அவனுக்கு இளைஞர் ஓட்டு வேண்டுமாம். கடைக்கு வந்து, "கட்சிக்காக உயிரையே குடுத்தான்ல நம்ம பையன், அவன் போட்டோ வெச்சி 'என் உடன்பிறவாத் தம்பி'ன்னு ஒண்ணு அடி. என் படம் பெருசா இருக்கட்டும்" என்றான். நான் யாரென்று அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு "சரிங்கண்ணா" என்றேன்.

படத்துக்காக உன் அம்மாவிடம் போனேன். "அந்த நாயி எம்புள்ள போட்டோவ கேக்குதா?" என்றார். பிறகு அவரே பீரோவைத் திறந்தார். "போடு. நம்ம ஊட்டுக்கு எதிர்லயே கட்டு. வரட்டும் அவன்."

அளவை மாற்றினேன். நீ முழு பேனருக்கும் நின்றாய். கீழ் மூலையில் ஸ்டாம்பு சைஸில் அவன். கடை முதலாளி பாய் திரையை எட்டிப் பார்த்தார். வேலை போச்சு என்று நினைத்தேன். "நான் தொழப் போறேன். திரும்பி வரச்ச இது கடையில இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தெருப் பசங்கள் கட்டினார்கள். மேளத்தோடு அவன் பிரசார ஜீப் வந்தது. பேனரைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது. சுற்றிலும் செல்போன்கள். வேறு வழியில்லாமல் இறங்கி வந்து, வாசலில் நின்ற உன் அம்மாவைக் கும்பிட்டான்.

"நல்லாகீறீங்களாமா? என்னைத் தெரியுதில்ல? உங்க புள்ள மாதிரிமா நான்."

அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருப்பா நீ? நீ யாருன்னே எனக்குத் தெர்யாதே."

தெருவே கொல்லென்று சிரித்தது. பொழுது சாய்வதற்குள் பூந்தமல்லி வரை எல்லார் போனிலும் அதுதான் ஓடியது. என் காது குளிர்ந்தது மச்சான், பொய் சொல்லவில்லை.

பேனரை அவன் ஆட்கள் கிழித்துவிட்டார்கள். என் ஆத்திரம் தீர்ந்ததா என்றால், பாதிகூடத் தீரவில்லை. தீரவும் வேண்டாம். கொடி கட்ட நீ கம்பி முறுக்கிய கட்டிங் பிளேயர் என் பைக் பெட்டியிலேயே கிடக்கிறது. கனடா பேச்சை விட்டுவிட்டேன். நம் தெரு டியூஷன் அக்கா அவனை எதிர்த்து சுயேச்சையாக நிற்கிறார். அவருக்கு பூத் ஏஜென்ட் நான்தான். ஒருத்தனாவது உள்ளே இருக்கணும் என்றாயே, இருக்கப் போகிறேன். ஓட்டுப் போட வரும்போது அவன் என்னையும் பார்த்துப் பல்லைக் காட்டுவான். உன் பெயரைச் சொல்லி, நான் யாரென்று அப்போது சொல்லிக்கொள்கிறேன்.