கீழ்ப்புல்வெளிக்கு மூன்று மதிப்பெண்

லீட்ரிம்,
ஜூலை 9

அன்பு மகன் ஃபெர்கலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் மாடுகளும் சுகம், நீ பெர்த்தில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே மழைக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் பாக்கிக்கு இடுப்பெலும்பு மாற்றிவிட்டார்கள், முன்னைவிட வேகமாக நடந்து வந்து வம்பு பேசுகிறார்.

பண்ணை ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும் என்றால் திரும்பி வந்துவிடுகிறேன் என்று கிறிஸ்துமஸுக்குப் போனில் சொன்னாயே, அது என் மனதிலேயே நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் மானியத்தை மாற்றியது உனக்குத் தெரியும். முன்பு கோரை மண்டிய நிலத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள், அதற்குப் பயந்தே உன் அப்பா வருஷா வருஷம் கீழ்ப்புல்வெளியை மொட்டையடிப்பார். இப்போது தலைகீழ். கோரையும் பூவும் பறவையும் இருந்தால்தான் பணம், ஆலோசகர் வந்து பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார். நமக்கு எட்டு நிச்சயம், நீ வந்துவிடுவாய் என்று நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை சோர்சா என்கிற பெண் ஆலோசகர் வருவதாக இருந்தது. பாதிரியார் வந்து நம் வீட்டில் பூசை வைக்கும் முறை வந்தால் சுவருக்கு வெள்ளையடித்து, கோழிக்கூண்டைக்கூடக் கழுவிவைக்கும் வம்சம் அல்லவா நாம். நான் கடைக்குப் போய் அவளுக்கு வைக்க ஹாம் இறைச்சி வாங்கி வருவதற்குள் உன் அப்பா டிராக்டரை எடுத்துப்போய்க் கீழ்ப்புல்வெளியில் கோரை, பூ எல்லாவற்றையும் வழித்துவிட்டார். கேட்டால், "வர்றவங்க என்ன நினைப்பாங்க, காடு மாதிரி கிடக்குதேன்னுதான்" என்கிறார். விதி தெரியாதவரா என்றால், அதை எனக்குப் படித்துக் காட்டியவரே அவர்தான். எனக்கு வந்த கோபத்தில் ஹாமை நாய்க்குப் போட்டிருப்பேன்.

சோர்சா வந்து பார்த்து மூன்றுதான் போட்டாள். தேநீர் குடிக்கும்போது, "வருத்தப்படாதீங்க ஐயா, வேர் அப்படியே இருக்கு, அடுத்த வருஷம் வந்துடும். இந்த வாரம் எனக்காகச் சுத்தம் பண்ணி வச்ச பண்ணை இது நாலாவது" என்று சிரித்தாள். உன் அப்பா சிரிக்கவில்லை. அவள் போனதும், "பையன் வர்ற வழியை நானே வெட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். திட்ட வந்த நான், தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்திவைத்தேன்.

ஆனால் நான் சொல்கிறேன், இதில் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. மேல்புல்வெளிகளுக்கு நல்ல மதிப்பெண் வந்திருக்கிறது, இந்த வருஷத்தை ஓட்டிவிடுவோம். அடுத்த வருஷம் கீழே எட்டு வரும், வராவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். நேற்று அவரே கீழ்ப்புல்வெளிக் கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, "நான் கெஞ்சினாலும் குடுத்துடாதே" என்று சாவியை என் கையில் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தால் நான் கொடுத்துவிடுவேன், உனக்குத் தெரியாதா என்னை.

அங்கே இப்போது குளிர்காலமாமே, ஈரத்தலையோடு வெளியே போகாதே. மாதா உனக்கு எப்போதும் துணை இருப்பாள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. செப்டம்பரில் கீழ்ப்புல்வெளியில் மாடுகளைக் கொஞ்ச நாள் மேயவிட்டால்தான் அடுத்த வருஷம் பூ வரும் என்று சோர்சா சொல்லியிருக்கிறாள். சாவியை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். வேறு சாவி கிடையாது.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா