நாலாம் காம்பராவின் சாவி

பிள்ளைக்காம்பரா,
கல்லுமலைத் தோட்டம்,
புசல்லாவை.
24.02.1998

அன்புள்ள அண்ணன் அழகையா அவர்களுக்கு,

தங்கை பாலம்மா எழுதுவது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் கொழும்பில் சுகமாக இருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். சுகமில்லை என்றால் ஒரு வரியாவது வந்திருக்கும். எங்கள் சுகத்தை நீங்கள் கேட்கவில்லை, அதனால் நானும் எழுதவில்லை. இன்றைக்கு எழுதியே ஆக வேண்டும். முழுக்க வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள், பாதியில் மடித்து வைக்காதீர்கள்.

மேலே போட்டிருக்கிற விலாசத்தைப் பார்த்தீர்களா? போன ஆனி மாதம் மண் சரிந்து கீழ் லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் போனதிலிருந்து எட்டு மாதமாக இதுதான் எங்கள் வீடு. ஒன்பது குடும்பம். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவதற்கு முன்னால் நாங்கள் பாயைச் சுருட்டிவிட வேண்டும். சாயங்காலம் அந்தப் பிள்ளைகள் போன பிறகுதான் சேலைகளைக் குறுக்கே கட்டி எங்கள் அறைகளைப் பிரிப்போம். எங்களுக்கு ஏழு பேர்ச் காணி தருவதாகச் சொல்லி ஒரு பெரிய மனிதர் வந்து கல் நட்டுவிட்டுப் போனார். அந்தக் கல்லில் இப்போது ஆடு கட்டுகிறார்கள்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. தீபாவளிக்கு வந்து பார்த்தீர்கள்தானே. வாசலில் நின்றபடியே பலகாரப் பொட்டலத்தைத் தந்தீர்கள். மேல் லயத்தில் உங்கள் காம்பராவைத் திறந்து விளக்கு வைத்து, இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பப் பூட்டினீர்கள். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தீர்கள். நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டுதான் நின்றேன். என் வீட்டுக்காரர், உங்கள் மச்சான் காளிமுத்து, என் கையைப் பிடித்து, "அண்ணன் மானஸ்தன், தானா கூப்புடுவாரு, நீ வாயத் தொறக்காத" என்றார். திறக்கவில்லை. நீங்களும் பஸ் ஏறிப் போய்விட்டீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் நடந்தது. கண்டியில் இருக்கிற ஒரு சங்கத்தார் ஏற்பாடு. வீடில்லாதவர்களின் பிரச்சினையைத் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டுமாம். எட்டு மாதத்துக்குப் பிறகாவது யாருக்கோ நினைப்பு வந்ததே என்று சந்தோஷப்பட்டேன். சனிக்கிழமை நம் தலைவர் ராஜலிங்கம் வந்தார். இத்தனை பேர் உட்கார இதைவிட்டால் வேறு கூரை இல்லையாம். "நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் சாமான்களக் கொஞ்சம் வெளிய எடுத்து வச்சிருங்கம்மா" என்றார். வீடில்லாதவர்களைப் பற்றிப் பேசுவதற்கு எங்களை வெளியே போகச் சொல்கிறார், அண்ணே! அதோடு விட்டாரா? பக்கத்திலேயே இருக்கிறீர்கள், வருகிறவர்களுக்குத் தேத்தண்ணியும் நீங்களே ஊற்றிவிடுங்கள் என்றார்.

ஞாயிறு காலை பானை சட்டி, பாய், ட்ரங்குப்பெட்டி எல்லாவற்றையும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் குவித்தோம். லெட்சுமணனின் மருமகள் சந்திரிகாவை உங்களுக்குத் தெரியும். பிள்ளை பெற்று இருபத்திரண்டு நாள். அவளும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஈரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். தூறல் வேறு. கண்டி ஆட்கள் உட்காருவதற்குக் கடைத்தெருவிலிருந்து சாஹுல் ஹமீது நானா லொறியில் கதிரைகள் கொண்டுவந்தார். எங்களைப் பார்த்ததும் கதிரைகளை மூடியிருந்த பொலிதீனை உருவி அவள் தலைக்கு மேல் கட்டிக் கொடுத்தார். "என்ன அநியாயம் தங்கச்சி இது" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அநியாயம் என்ற சொல்லை அன்றைக்குச் சொன்னது அவர் ஒருவர்தான்.

நம் தோட்டத்துக் கூட்டம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். திருவிழாக் கூட்டத்துக்குப் போலவே முதல் நாள் லயம் லயமாகத் தப்பு அடித்துச் சொல்லி, காம்பராவுக்கு ஒரு ஆள். கொப்பியில் லயம், காம்பரா நம்பர், ஆள் பேர். அந்தக் கொப்பியில் கீழ் லயத்துப் பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தார்கள். வாசலில் பேர் எழுதிக்கொண்டிருந்த அழகர் தம்பி, "உங்க காம்பரா நம்பர் என்னக்கா?" என்று கேட்டான். "ஓடைக்குள்ள கெடக்கு, போய்ப் பாத்து எழுதிக்க" என்றேன். பாவம், பேனாவை வாயில் வைத்துக்கொண்டு முழித்தான். ராஜலிங்கம் எழுந்து வந்து, "முறைன்னு ஒன்னு இருக்குல்ல பாலம்மா, காம்பரா இல்லாதவங்கள எந்தக் கணக்குல ஒக்கார வைக்கிறது?" என்றார். யாரும் வஞ்சகமாகச் செய்யவில்லை. அப்படியே ஊறிப்போன புத்தி. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

ஆனால் தேத்தண்ணித் தட்டோடு உள்ளே போவதற்கு நம்பர் கேட்கவில்லை. போனேன். அரை மணி நேரமாக எங்களுக்காக அனுதாபப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கண்டியிலிருந்து வந்த அம்மா ஒருவர், தோட்டத்தில் வெறுமையாகக் கிடக்கிற காம்பரா ஏதும் உண்டா என்று கேட்டார். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து யாரோ, "பதினொன்னு பூட்டிக் கெடக்கு, ஆளெல்லாம் கொழும்புல" என்றார்கள். ராஜலிங்கம் வேறு வழியில்லாமல் கொப்பியைப் புரட்டி ஒவ்வொன்றாக வாசித்தார். பூட்டின காம்பராக்களுக்காகப் பேசவும் உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்துதான் இருந்தார்கள். முதல் மூன்று பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "அவங்ககிட்டக் கேட்டுச் சொல்றோம்."

நாலாவதாக உங்கள் பேர். மேல் லயம், நாலாம் காம்பரா, அழகையா. அவருக்குப் பேச ஆள் யார் என்று கேட்டார். "பாலம்மாக்கா இருக்காங்களே, கூடப் பொறந்தவங்க" என்று அழகர் சொன்னான். உடனே வாங்கில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்கள். கொப்பியில் உங்கள் பேருக்கு நேரே என் பேரை எழுதினார்கள். மண்ணுக்குள் வீட்டைப் பறிகொடுத்து எட்டு மாதமாக இங்கே கிடக்கிறவளுக்கு இடமில்லை. மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிற கதவுக்கு இடம் இருந்தது! ஜன்னலுக்கு வெளியே நின்று உங்கள் மச்சான் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

நான் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். "அழகையா காம்பராவத் தொறக்கச் சொல்லிட்டாரு. கைப்புள்ளக்காரி சந்திரிகா அதுல இருக்கட்டும். காணி கெடைச்சதும் காலி பண்ணிக் குடுத்துறணும்."

பொய்தான். நீங்கள் சொல்லவில்லை. உங்கள் பேரில் நான் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். "அழகையா மனசு யாருக்கு வரும்" என்று ராஜலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கேட்டுச் சொல்கிறோம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. முதலில் சொன்ன மூன்று பேரில் இரண்டு பேர் மாற்றிச் சொன்னார்கள். சிலர் மட்டும் வேறு சாக்குச் சொல்லிக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் பதினொன்றில் ஏழு காம்பரா. பிறகு நான் அழகரிடம் போய், குறுக்குக் கோடு போட்ட அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லி, கோட்டின் மேலேயே எங்கள் ஒன்பது குடும்பத்தின் பேரையும் எழுத வைத்தேன். இனிமேல் எந்தக் கூட்டமானாலும் எங்களுக்கும் தப்பு அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்பது குடும்பத்துக்கு ஏழு காம்பரா. இடம் கிடைக்காத இரண்டு குடும்பத்தில் ஒன்று நாங்கள், மற்றது தனிக்கட்டை வேலாயி. சொந்த அண்ணன் காம்பராவை ஏன் ஊருக்குக் கொடுத்தாய் என்று உங்கள் மச்சான் இரண்டு நாளாகச் சண்டை. நீங்கள் வாருங்கள் என்று கூப்பிடாத வீட்டுக்குள் நான் கால் வைக்க மாட்டேன். அவ்வளவுதான்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், நெஞ்சிலேயே வைத்திருந்தால் வெடித்துவிடும். கார்த்திகையில் என் மகள் புவனா வயசுக்கு வந்தாள். தந்தி கொடுத்தோம். தாய்மாமன் வந்து பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்ட வேண்டும். நீங்கள் பஸ் கொண்டக்டர் கையில் ஒரு தாவணியைக் கொடுத்தனுப்பினீர்கள். குடிசை போட எங்களுக்கு வாசல் ஏது? இரண்டு சேலைக்கு நடுவில் பதினாறு நாள் உட்கார்த்தினோம். பகலில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும்போது விறகுக் கொட்டகைக்கு மாற்றினோம். அங்கிருந்து பார்த்தால் உங்கள் கதவின் பூட்டு தெரியும். "மாமா அப்புடி உள்ள என்னம்மா பூட்டி வச்சிருக்காரு?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்து ஒரு கட்டிலும் ஓர் அலுமாரியும்தான், அண்ணே.

உங்கள் பேர் போய்விடும், காம்பராவைத் தோட்டம் வேறு ஆளுக்கு எழுதிவிடும் என்ற பயம் உங்களுக்கு இருக்கும். எனக்கும் தெரியும். கொப்பியில் உங்கள் பேர் அப்படியே இருக்கிறது, திருப்பித் தருவதாக எழுதி சந்திரிகா கையெழுத்து வைத்திருக்கிறாள். உங்கள் அலுமாரியில் ஒரு கீறல் விழுந்தாலும் என்னைக் கேளுங்கள்.

மார்ச் எட்டாம் திகதி, ஞாயிறு காலை கதவைத் திறப்பதாக முடிவு. தங்கச்சி சொன்னது பொய் என்று நீங்கள் சொல்லலாம். அன்றைக்கு நேரில் வந்து, சந்திரிகாவின் பிள்ளை முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், நான் தடுக்க மாட்டேன். வரவும் இல்லை, சாவியும் இல்லை என்றால் ராஜலிங்கம் அலவாங்கு கொண்டுவருவார். அந்த ஏழு கதவில் நம் கதவை மட்டும் உடைத்துத் திறந்தார்கள் என்ற பேச்சு வேண்டாம், அண்ணே.

சாவியைத் தபாலில் போடுங்கள். உறையின் மேல் என் பேரை எழுத வேண்டாம், புவனா பேரை எழுதுங்கள். அவள் கையால் திறக்கட்டும். மாமன் குடிசைதான் கட்டவில்லை, ஒரு கதவையாவது திறந்துவிட்டார் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளட்டும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். நீங்கள் இருக்கிற வீட்டை யாரும் உங்களிடமிருந்து பறிக்காமல் இருக்க முருகன் துணை.

இப்படிக்கு,
மேல் லயம் நாலாம் காம்பராவுக்காகப் பேசியவள்,
உங்கள் கூடப் பிறந்த
பாலம்மா