விடாத பழக்கம்

நாள் 41. காலை 6.10
படிக்கப்போகிறவர்களுக்கு முதலில் என் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். மூத்த பேரன் சங்கரலிங்கம் கடலுக்கடியில் ரயில் பாதை போடுகிறான். அடுத்தவன் கண் டாக்டர். பேத்தி பூரணியும் டாக்டர்தான், ஊசி போடாத டாக்டர். மனிதர்களின் பழக்கவழக்கங்களை ஆராய்கிறாள். கடைக்குட்டி செண்பகவல்லி நிலா அதிர்வதை அளக்கிறவள். கோவில்பட்டியில் ஐந்தாம் வகுப்போடு நின்ற உலகம்மாளாகிய என்னை நிலாவின் தென்முனைக்கே கூட்டிவந்தவள்.

பூமியை விட்டு வந்த கிழவி எந்தப் பழக்கத்தை விடுகிறாள், எதை விடவில்லை என்று பூரணி கேட்டிருக்கிறாள். அதற்குத்தான் இந்தப் பதிவு.

நாள் 41. மாலை 7.00
விட்டது: வாசல் தெளிப்பது. விடாதது: ஆளில்லாத இடத்தில் எரியும் விளக்கை அணைப்பது. இன்று மூன்று முறை. செண்பகம் கேலி செய்தாள்.
"ஆச்சி, வெயில்ல இருந்து வார கரண்டு. மிச்சம் பிடிச்சு யாருக்குக் குடுக்கப் போற?"

நாள் 43. காலை 9.40
செண்பகம் 9.30க்கு வண்டியில் பெரிய பள்ளத்துக்குள் இறங்கினாள். வெயிலே படாத இடம். அதிர்வுமானி ஒன்று பழுதாம். ஐந்து மணி நேர வேலை. வண்டியில் எட்டு மணி நேரக் காற்று. நிலையத்தில் நான் மட்டும். மற்ற மூவர் அடுத்த விண்கலத்தில் வருவார்கள்.
இனி அறையைத் துடைக்க வேண்டும்.

நாள் 43. மதியம் 2.50
அழைப்பு வந்தது.
"ஆச்சி, வழிவிளக்கு தெரியலையே. வண்டியில வழிகாட்டுற கருவியும் நின்னுபோச்சு. சுவிட்சப் பாரேன்."
சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. காலையில் அறையைத் துடைக்கும்போது சன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே ஒரு ஆளும் இல்லை, கம்பத்து உச்சியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைத்தேன்.
இப்போது போட்டேன். நான்தான் அணைத்தேன் என்றும் சொன்னேன்.
"தெரியும் ஆச்சி. விடு. இப்பவும் தெரியல. பாறைக்கு அங்கிட்டு வந்துட்டேன் போல. ஏறிப் பாக்கேன்."

நாள் 43. மாலை 4.15
சத்தம் விட்டு விட்டு வருகிறது. சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். பொய்.

நாள் 43. மாலை 5.40
காற்று முடிந்து பத்து நிமிடம். கூப்பிட்டேன்.

நாள் 43. மாலை 6.40
கூப்பிட்டேன்.

நாள் 44. காலை 8.00
பூமியில் உள்ள கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து செய்தி: "காலையில் வழிவிளக்கு எரிந்ததற்குப் பதிவு இல்லை. அதைப் போடாமல் புறப்பட்டது ஓட்டியவரின் தவறு. அம்மா, தைரியமாக இருங்கள். கலம் வர ஒன்பது நாள்."
அவள் மறதிக்காரி இல்லை என்று பதில் அனுப்பினேன். அணைத்தது நான் என்றும் அனுப்பினேன்.
வந்த பதில்: "துக்கத்தில் அப்படித்தான் தோன்றும். உங்களை நீங்களே குற்றம் சொல்லாதீர்கள்."

நாள் 45
மணி பார்க்கவில்லை.
சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். மூடி வைத்தேன். அழுகை வரவில்லை. பூரணி, இதையும் குறித்துக்கொள்.
கட்டுப்பாட்டு நிலையத்தாரே, உங்கள் இணையப் பக்கத்தில் செண்பகத்தின் கல்லூரிக் காலத்துப் படத்தைப் போட்டு, கீழே அவள் தவறு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். இத்துடன் ஒரு படம் அனுப்புகிறேன். வண்டியில் ஏறுமுன் கையை ஆட்டினாள், சன்னலிலிருந்து நான் எடுத்தேன். மூலையில் மணி 9.26 என்று இருக்கிறது. அவள் தலைக்கு மேலே கம்பத்தைப் பாருங்கள். விளக்கு எரிகிறது.
இந்தப் படத்தைப் போடுங்கள்.