எண்ணூறு பெட்டியில் என் விரல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அண்ணன் வீட்டாரும் உடம்பளவில் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் மனசளவிலும் அப்படி இருக்க வேண்டும். யாரிடம் எழுதி வாங்கினார் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதே, இது நானே எழுதுவது. நாலு நாளாக எழுதுகிறேன், காலையில் அரைப் பக்கம், அதற்குள் விரல் மரத்துப் போகிறது. ஒவ்வொரு 'ழ' எழுதி முடித்ததும் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவு அழகு. நூலகத்துக்குப் பின்னால் உள்ள அறையில் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் ஏழு மாதமாகச் சொல்லிக் கொடுக்கிறார், வகுப்பில் வயதிலும் நான்தான் முதல், சேட்டையிலும் நான்தான் முதல். உனக்கு மட்டும் சொல்லக் கூடாது என்று வீட்டில் எல்லார் வாயையும் அடைத்து வைத்திருந்தேன். என் முதல் கடிதம் திடீரென்று உன் கையில் வந்து விழ வேண்டும், நீ அதைப் பார்த்து அழ வேண்டும் என்று ஆசை. அந்த ஆசைதான் மகளே எல்லாவற்றையும் கெடுத்தது.

அண்ணனுக்கு வேலை போய் ஒன்பது மாதம் ஆகிறது, உனக்குத் தெரியும். சனிக்கிழமைச் சந்தையில் என் ஆலைக் கேன்டீன் குழம்பையும் சோற்றையும் பெட்டியில் போட்டு விற்கலாம் என்று அவன் சொன்னதும், பெயரும் படமும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நீதானே முன்னால் வந்தாய். நீ விடுதியில் சேர நான் விரல் வைத்த தாளை இத்தனை வருடம் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது. அதைப் பெரிதாக்கிச் சிவப்பில் அச்சடிக்கச் சொல்லி, 'பெருவிரல்' என்று கடைக்குப் பெயரும் வைத்து, இங்கே அச்சகத்துக்கே அனுப்பிவிட்டாய். ஆயிரம் பெட்டி வந்து இறங்கியது. கத்தி பட்ட வடு குறுக்கே ஓடுகிறது, என் விரலேதான். அம்மா தடவித் தடவிப் பார்த்தாள். கூடவே கடையில் மாட்டும் பலகையும் வந்தது, நான் அதைப் படித்தேன். எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் அப்பா நாற்பது வருடம் ஆலைத் தொழிலாளிகளுக்குக் கையளவில் சமைத்த சாப்பாடு, எந்த அளவும் எங்கும் எழுதப்படவில்லை என்று போட்டிருந்தாய். எழுத்துக் கூட்டி நான் முதன்முதலாக முழுசாகப் படித்து முடித்தது அதைத்தான். நல்லாத்தான் எழுதியிருந்தாய், குற்றம் சொல்லவில்லை, உனக்குத் தெரிந்ததைத்தானே நீ எழுத முடியும். இதை இப்போது என்ன செய்வது என்று அண்ணனைக் கேட்டேன், முன்னாடி உண்மையா இருந்ததுதானேப்பா, இருந்துட்டுப் போகட்டும் என்றான்.

முதல் இரண்டு சனிக்கிழமையும் கூட்டம் நன்றாக வந்தது. அண்ணி சோறு போட, அண்ணன் மூட, நான் முன்னால் நாற்காலியில் மை அட்டையோடு உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு மூடியில் விரல் வைத்துக் கொடுத்தேன். கல்யாணத்தில் மொய் எழுதுகிறவரைவிட எனக்கு மவுசு என்று பக்கத்துக் கடை ரொட்டிக்காரர் கிண்டல் செய்தார். மூன்றாவது சனிக்கிழமை ஒரு தம்பி போனில் படம் எடுத்துக்கொண்டே வந்து, தாத்தா என் பெட்டியில உங்க அடையாளம் ஒண்ணு வைங்க என்றான். அவன் சட்டைப் பையில் பேனா இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, அதை வாங்கி மூடி முழுக்க என் பெயரை எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்துக் கொடுத்துவிட்டேன். சிரித்தேன் வேறு. அந்தச் சிரிப்போடு, பலகையையும் சேர்த்துக் காட்டி, இதுதான் படிக்கத் தெரியாத தாத்தாவாம் என்று அவன் ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். நாலாவது சனிக்கிழமை ஈ ஓட்டினோம். பொய் சொல்கிற கடை என்று இரண்டு பேர் காதுபடச் சொல்லிப் போனார்கள், குழம்பு எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. சந்தை நடத்துகிற அம்மாள் இனி இடம் இல்லை என்று சொல்லிவிட்டார். அறுபது பேர் சோற்றைத் திரும்பத் தூக்கிவந்தோம்.

அண்ணன் திட்டியிருந்தால் தேவலை. அண்ணிதான் பாத்திரம் கழுவிக்கொண்டே, இன்னும் ரெண்டு மாசம் தெரியாத மாதிரியே இருந்திருக்கக் கூடாதா மாமா என்று கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை, அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எல்லார் வீட்டிலும் படி படி என்று அடிப்பார்கள், நம் வீட்டில் படித்ததற்கு அடி கிடைக்கிறது என்று சிரிக்கப் பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை. பதினோரு நாள் கழித்து அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வர்றவங்க சோத்துக்கு வரலப்பா, கதைக்கு வர்றாங்க என்றான். நகரத்தின் அந்தக் கோடியில், நம்மைத் தெரியாத இடத்தில், துணிக்கடை மாடியில் வேறு ஒரு சந்தை பிடித்திருக்கிறான். அதே பலகை, மிச்சம் இருக்கிற எண்ணூறு பெட்டி, நான் பழையபடி விரல் வைக்க வேண்டும். பலகையை மாற்றக் கூடாதா என்று கேட்டேன். படிச்ச தாத்தா சமைச்சதுன்னு போட்டா எவன் வருவான் என்றான். இதுவும் போனால் லாரி ஓட்டப் போகிறேன் என்கிறான், அவன் முதுகுக்கு அது ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். அதனால் சரி என்று சொல்லிவிட்டேன். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும், பேப்பரைத் தொடக் கூடாது என்று கட்டளை. நூலக வகுப்புக்கும் போவதை நிறுத்திவிட்டேன். நர்ஸம்மா ஆள் அனுப்பிக் கேட்டார், கால் வலி என்று சொல்லச் சொன்னேன்.

நேற்று ஒத்திகை மாதிரி அந்த மாடியில் போய் உட்கார்ந்தேன். கண்ணாடி இல்லாவிட்டாலும் அந்தப் பலகை பெரிய எழுத்து, எனக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறான். வேறு பக்கம் திரும்பினாலும் கண் அங்கேயே போகிறது. போனால் படித்துவிடுகிறது, படிக்காமல் பார்க்க எனக்கு இனிமேல் வராது போலிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் அப்பா, எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் அப்பா என்று நாள் முழுக்க.

நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, முன்பே உன்னிடம் சொல்லியிருந்தால் நீ அந்த விரலை அச்சடிக்கச் சொல்லியிருக்கவே மாட்டாய். அண்ணனிடம் போனில் சண்டை போடாதே. மாப்பிள்ளையைக் காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு அனுப்பாதே, நீயும் நின்றுகொண்டு சாப்பிடாதே. பதில் போட்டால் பெரிய எழுத்தில் போடு, வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பேன். நீங்கள் இருவரும் நூறு வருடம் குறைவில்லாமல் வாழ வேண்டும். வகுப்புக்கு வெளியே என் முதல் கையெழுத்து உனக்கென்றுதான் வைத்திருந்தேன், அது அந்தத் தம்பியின் பெட்டி மூடிக்குப் போய்விட்டது. கீழே இருப்பது இரண்டாவது, பத்திரமாக வைத்துக்கொள், மூன்றாவது எங்கும் போடுவேன் என்று தோன்றவில்லை.

இப்படிக்கு,
தன் கையால்,
உன் அப்பா