தாராளத்தின் கதவுப் பரீட்சை

ஜூன் 3, செவ்வாய்

இன்று காலை நான் மீட்டர் பார்க்க வந்த ஆள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, குரலைக் கட்டையாக்கி, எங்கள் விடுதியின் மாடியறைக் கதவைத் தட்டினேன். நான் பேசி முடிக்கக்கூட இல்லை, கதவு விரியத் திறந்தது. "உள்ள வாங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்னைப் பார்த்ததும் தாராளம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இனிமேல் கடித்து என்ன பிரயோஜனம்?

மற்ற பெண்கள் இவளுக்குத் தாராளம் என்று பேர் வைத்தது சும்மா இல்லை. வீடில்லாமல் இங்கே வரும் பெண்களுக்குத் தையல், கணினி எல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். கடைசிப் பாடம் கதவு. வெளியே போகுமுன் பத்து நாள் மாடியறையில் தனியாக இருக்கவேண்டும். நாங்கள் வேஷம் போட்டுக்கொண்டு போய்த் தட்டுவோம். திறக்கக்கூடாது. இருபது வயதுப் பெண்ணுக்கு இது என்ன கம்பசூத்திரமா?

ஜூன் 5

சமையல்காரம்மா கூரியர் ஆளாகப் போனார். அரைமணி கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். "பாவம் புள்ள, டீ நல்லா போடுது." இவரை வைத்துக்கொண்டு நான் எங்கே உருப்படுவது!

ஜூன் 6

இன்று சிரிப்பு வரவில்லை. ஒரு பேக்கரியில் அவளுக்கு வேலை, அதற்கு மேலேயே அறை, இரண்டும் பேசி வைத்திருக்கிறேன். பன்னிரண்டாம் தேதி சாவி தருகிறார்கள். கதவில் தேறாமல் அனுப்பமாட்டேன். அறை வேறு யாருக்காவது போய்விடும். போன வருஷம், இங்கே வருமுன், ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தபோது, சித்தப்பாவின் சிநேகிதன் என்று ஒருத்தன் தட்டினான். திறந்தாள். அவன் போகவே இல்லை. கடைசியில் இவள்தான் பையைத் தூக்கிக்கொண்டு இங்கே ஓடிவந்தாள்.

"புத்தி கித்தி இருக்காடி உனக்கு?" என்று கத்திவிட்டேன்.

"வீட்ட விட்டுத் துரத்துன அன்னைக்கு அஞ்சு வீட்டுக் கதவத் தட்டினேன்க்கா. உள்ள டிவி ஓடுது. ஒருத்தரும் திறக்கல. வெளிய ஒரு ஆள் நிக்கறது தெரிஞ்சும் எப்படிக்கா சும்மா இருக்கறது?"

பதினோரு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், இப்படி யாரும் கேட்டதில்லை. அழுகை வந்தது, என்மேலேயே கோபமும் வந்தது.

ஜூன் 7

தலைவலி. யாரும் தட்டவில்லை.

ஜூன் 9

கடைசிப் பரீட்சை. சால்வையால் முக்காடு போட்டுக்கொண்டு ஏறினேன். மாடியறைக்கு வெளிப்படிக்கட்டுதான், மேலே கூரை கிடையாது. "அம்மாடி, மயக்கமா வருது. கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்" என்று முனகினேன். சொல்லிவைத்த மாதிரி மழை கொட்டத் தொடங்கியது. உள்ளே தாழ்ப்பாள் அசைந்தது. போச்சுடா!

"யாருங்க?"

முதல் தடவையாகக் கேட்கிறாள்!

"உங்கள எனக்குத் தெரியாதும்மா. கதவத் திறக்க மாட்டேன்."

ஜன்னல் கம்பி வழியாக ஒரு குடை வந்தது. பிறகு தண்ணீர். அப்புறம் இரண்டு பிஸ்கட். "படியில உக்காருங்க. எங்கயும் போயிடாதீங்க. ஆபீசுக்கு போன் பண்ணிட்டேன், எங்கக்கா வருவாங்க. நல்லவங்க. கொஞ்சம் கத்துவாங்க, அவ்ளோதான்."

அந்த 'எங்கக்கா'தான் சொட்டச் சொட்ட அங்கேயே உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். சமையல்காரம்மா மூச்சிரைக்க ஓடிவந்து முக்காட்டை விலக்கி, "அட, நீங்கதானா!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கதவும் திறக்கவில்லை, வெளியே நின்றவளையும் விடவில்லை. இந்த விடை என் பாடத்திலேயே கிடையாது. நூற்றுக்கு நூறு.

ஜூன் 12

சாவி வாங்கிவிட்டாள். மாடியறை காலி. பிஸ்கட் டப்பாவும் காலி.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மத்தியானம் வீட்டில் நல்ல தூக்கம். வாசல் மணி அடித்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே போய்த் திறந்தேன். தாராளம்! கையில் அவளே சுட்ட ரொட்டி, ஆவி பறக்கிறது. கட்டிக்கொள்ளப் போனேன். அவளோ வாசலிலேயே நின்று இடுப்பில் கைவைத்து முறைத்தாள்.

"யாருன்னு கேட்டீங்களா நீங்க?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பூஜ்யம். கதவச் சாத்துங்க. திரும்ப முதல்லேருந்து."

சாத்தினேன். வெளியே மூக்கைப் பிடித்த குரல்: "மீட்டர் பாக்க வந்திருக்கேன்!"

"யாருங்க?" என்றேன். சிரிப்பில் வார்த்தை சரியாக வரவில்லை. இன்னொரு தடவை கேட்கச் சொன்னாள்.